மூன்று நிமிடம் பேச ஓர் ஆள்

கட்டடக்காரரின் ஆட்கள் டீச்சரின் சாமான்களைத் தெருவில் இறக்கியபோது காலை எட்டரை மணி. கட்டடத்தில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கும் நேரம். நாலு பேர் கண்ணில் படவேண்டும் என்றுதான் அந்த நேரத்தைப் பார்த்து வந்திருந்தார்கள். கட்டில் கால்கள் ஒருபக்கம், பலகை ஒருபக்கம். புத்தகங்களை ஒரு போர்வையில் மூட்டையாகக் கட்டி நடைபாதையில் போட்டிருந்தார்கள். பாத்திரத் தொட்டிக்கு மேலே டீச்சரின் மூக்குக்கண்ணாடிக் கூடு. டீச்சர் அதை மட்டும் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஆட்டோவுக்காகத் தெருமுனையைப் பார்த்தபடி நின்றாள். யாரோடும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாம் மாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்று டேப்பு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மருந்துக் கிடங்கில் பெட்டிகளை அடுக்கி, டேப் ஒட்டி, தூக்கி வண்டியில் வைக்கிற வேலையில் பதிமூன்று வருஷம். கை வேகத்துக்காக அங்கே வைத்த பட்டப்பெயர் கட்டடம் வரைக்கும் கூடவே வந்துவிட்டது. ஒட்டினால் பிய்க்க முடியாத பெயர் என்று டீச்சரே கேலி செய்வாள்.

"கீழே போகலாமா?" என்றாள் டேப்பு.

"போய்?" என்றாள் தங்கச்சி. அவளுக்கும் அதே கிடங்கில், அதே மேசையில்தான் வேலை. "சாவி அங்கதான் நிக்கறார். யார் யார் இறங்கி வர்றாங்கன்னு எண்ணிட்டு இருக்கார். பாப்பாவுக்குத் தலை வாரி விடு, நேரமாச்சு."

சாவி என்பது கட்டடக்காரரின் ஆள். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி தொங்கும். அந்தச் சத்தம் படியில் கேட்டாலே விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடிவிடும். டேப்பு கீழே போகவில்லை. சாவி போன பிறகே இறங்கினாள். அதற்குள் டீச்சரும் போய்விட்டிருந்தாள்.

மராமத்து வேலை இருக்கிறது, அதனால்தான் காலி செய்யச் சொன்னோம் என்று சொல்லிக்கொண்டார்கள். உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். அரசாங்கம் பட்ஜெட் போடுவதற்கு முன் நிதிக்குழு ஒன்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். அந்தக் கூட்டத்தில் பேசுவதற்காக அந்த வட்டாரத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு மனு எழுதியிருந்தார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் கட்டக்கூடிய வாடகையில் இரண்டாயிரம் வீடு, அதுவும் பெண்கள் பேரிலேயே ஒப்பந்தம். ஒரே வேலைக்கு ஒரே கூலி தருகிறார்களா என்று பார்க்க ஆய்வாளர்கள். இரண்டுக்கும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியது டீச்சர். பேச வருபவர் என்று எழுதிக் கொடுத்திருந்ததும் அவள் பெயரைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தையல்கடையின் பின்னறையில் கூடினார்கள். பத்துப் பதினைந்து பேர் வருகிற இடத்தில் ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். கடைக்காரம்மா கதவைச் சாத்தி, வெளியே கேட்காமல் இருக்கட்டும் என்று ஒரு தையல் மிஷினைச் சும்மா ஓடவிட்டாள்.

"டீச்சர் அவங்க அண்ணன் ஊர்ல இருக்காங்க. வர முடியாது. வியாழக்கிழமை கூட்டம். நமக்கு மூணு நிமிஷம் குடுத்திருக்காங்க. யாராச்சும் ஒருத்தர் பேசணும்," என்றாள் கடைக்காரம்மா.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் துணித் துண்டுகளைத் தவிர ஒன்றும் இல்லை.

"சம்பளச் சீட்டு வெச்சிருக்கறது நீதானே, டேப்பு," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

அதுதான் வினை. பக்கத்து மேசையில் அதே பெட்டியை அடுக்கி, அதே டேப்பை ஒட்டி, அதே வண்டியில் தூக்கி வைக்கிற ஏணி என்கிற உயரமான ஆள், போன மாதம் தன் சம்பளச் சீட்டின் நகலை நாலாக மடித்து அவள் கையில் திணித்திருந்தான். "அக்கா, பேரை அடிச்சிட்டேன். யார் குடுத்ததுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எனக்கும் புள்ளைங்க இருக்கு." அவனுக்கு வேலையில் சேர்ந்து மூன்று வருஷம். அவன் வாங்குவதில் முக்கால் பங்குகூட அவள் வாங்கவில்லை. அந்தச் சீட்டை அவள் தலையணை உறைக்குள் தைத்து வைத்திருந்தாள். அதன்மேல் படுத்தால் தூக்கம் வரவில்லை என்பதால் தலையணையைப் பாப்பாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

"எனக்குப் பேச வராதும்மா," என்றாள் டேப்பு.

"படிக்க வருமில்ல? எழுதித் தர்றேன். பார்த்துப் படிச்சிட்டு வந்துடு."

சரி என்று அவள் சொன்னதாக அவளுக்கே ஞாபகமில்லை. ஆனால் வீட்டுக்கு வரும்போது அந்தத் தாள் அவள் பையில் இருந்தது.

தங்கச்சி அதைப் படித்தாள். படித்துவிட்டு அப்படியே மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"அக்கா, அந்தப் பதினோரு நாள் உனக்கு மறந்து போச்சா?"

மறக்கவில்லை. பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது டேப்புவின் புருஷன் ஒரு விபத்தில் போய்விட்டான். ஆம்பளை இல்லாத வீட்டுக்கு யார் பொறுப்பு என்று சொல்லி அப்போதைய வீட்டுக்காரர் காலி செய்யவைத்தார். பதினோரு நாள் பேருந்து நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் கிடந்தார்கள். தங்கச்சிக்குப் பதினாறு வயது. அக்கா வேலைக்குப் போகிற எட்டு மணி நேரமும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் இடம் மாறி மாறி உட்கார்ந்திருந்தாள். அங்கே என்ன நடந்தது, என்ன நடக்கப் பார்த்தது என்பதை அவள் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. டேப்புவும் கேட்டதில்லை. ஆனால் பேருந்து ஹாரன் பக்கத்தில் கேட்டால் இன்றைக்கும் தங்கச்சியின் தோள் தூக்கிப் போடும்.

"திரும்ப என்னால அங்க போய் உட்கார முடியாது," என்றாள் தங்கச்சி. "ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்க. நீதான் கெடைச்சியா?"

கடைக்காரம்மாவிடம் போய் முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் டேப்பு அன்றைக்கு நினைத்தாள். ஆனாலும் மறுநாள், எதற்கும் இருக்கட்டும் என்று வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் படியில் சாவிச் சத்தம் கேட்டது. இரண்டாம் மாடியில் நிற்கும் என்று காத்திருந்தாள். நிற்கவில்லை. சத்தம் ஏறி ஏறி வந்து அவள் வாசலில் நின்றது. பாப்பா குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

"என்னம்மா, சௌக்கியமா?" சாவி கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். குரலை உயர்த்திப் பேசுகிற ஆள் இல்லை. அதுதான் இன்னும் பயம். "வியாழக்கிழமை லீவு கேட்டிருக்கீங்களாம்?"

கட்டடக்காரர் கிடங்கு சூப்பர்வைசரின் மச்சான் என்பது டேப்புவுக்குத் தெரியும். ஆனால் திங்கட்கிழமை எழுதிக் கொடுத்த லீவுச் சீட்டு செவ்வாய்க்கிழமை வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"பாப்பாவுக்கு... பல் வலி. டாக்டர்கிட்ட காட்டணும்."

"ஓ. காட்டுங்க, காட்டுங்க." அவர் பார்வை அறைக்குள் நிதானமாகச் சுற்றி வந்தது. அடுப்பு, பாய்ச்சுருள், கொடியில் கிடந்த துணி, கடைசியில் தலையணை. "டீச்சர் இருந்த ரூமுக்கு ஆள் வந்துட்டாங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சம்பாதிக்கறாங்க. கேட்ட வாடகையைப் பேரம் பேசாம குடுத்துட்டாங்க. அடுத்த மாசத்திலிருந்து எல்லா ரூமுக்கும் அதே வாடகைதான். ஆனா நீங்க நல்ல மாதிரி. நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பார்த்துட்டு இருந்தா, உங்களுக்குக் கொஞ்சம் கம்மியா ஏத்தச் சொல்றேன்."

சிரித்துவிட்டு இறங்கிப் போனார். சத்தம் தெருவுக்குப் போய்ச் சேரும்வரை அவள் கதவைச் சாத்தவில்லை.

பாயில் உட்கார்ந்த பிறகுதான் அவர் சொன்னது முழுசாக உறைத்தது. வாயை மூடிக்கொண்டிருந்தாலும் வாடகை ஏறும். இப்போதே சம்பளத்தில் பாதிக்குமேல் இந்த அறைக்குப் போகிறது. கொஞ்சம் கம்மியாக ஏற்றினாலும் நாலு மாதம், மிஞ்சிப்போனால் ஐந்து மாதம். அதற்குப் பிறகு யாரும் துரத்த வேண்டியதில்லை, அவர்களாகவே இறங்கிப் போகவேண்டியதுதான். பேசினால் பேருந்து நிலையம். பேசாவிட்டாலும் அதே பேருந்து நிலையம், கொஞ்சம் தாமதமாக.

இதைத் தங்கச்சியிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை. டேப்பு வெளியே போகும் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது தங்கச்சி சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"உன் லீவு கேன்சல் ஆயிடுச்சு. நேத்து சாயங்காலம் சூப்பர்வைசர் சொல்லி அனுப்பினார்."

"ஏன் நேத்தே சொல்லல?"

"நான்தான் கேன்சல் பண்ணச் சொன்னேன். போய்க் கேட்டேன். அக்காவுக்கு லீவு குடுக்காதீங்க சார்னு. நீ கோச்சுக்கிட்டாலும் பரவால்ல, இந்த ரூம் இருக்கட்டும்னு நினைச்சேன்."

டேப்புவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் பேருந்து நிலையத்தின் பெஞ்சில் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பதினாறு வயது முகம்தான் கண்ணுக்கு வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, சாவி சொன்னதை அப்படியே சொன்னாள். வாடகை, அடுத்த மாதம், எல்லா ரூமுக்கும். தங்கச்சி கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் எழுந்து பாப்பாவின் தலையணை உறையைப் பிரித்து, மடித்த சீட்டை எடுத்து அக்காவின் பைக்குள் வைத்துவிட்டு, வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

கூட்டம் நடந்த கட்டடத்தின் வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். காவலாளியின் கை பைக்குள் போனபோது டேப்பு மூச்சுவிடவில்லை. அவர் தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தார்.

உள்ளே பெரிய கூடம். மேடையில் நீள மேசை, அதன் பின்னால் ஐந்து பேர். நடுவில் குழுத் தலைவர், தலை நரைத்த பெண்மணி, காலையிலிருந்து கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன முகம். கடைக்காரம்மா டேப்புவின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் டேப்பு பார்த்தாள். முதல் வரிசையில் சூப்பர்வைசர். பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர், கிடங்கு முதலாளிகள் சங்கத்தின் ஆள். சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார். இந்நேரம் நீ மேசையில் இருக்க வேண்டியவள் என்று அதற்குப் பொருள்.

கோட்டுக்காரர்தான் முதலில் பேசினார். கிடங்குகளில் ஆண்கள் கனமான வேலை செய்கிறார்கள், பெண்கள் உட்கார்ந்து டேப் ஒட்டுகிற இலகுவான வேலை செய்கிறார்கள், கூலி வித்தியாசம் என்று சொல்வது தவறான புரிதல் என்றார். நன்றாகப் பேசினார். தாளைப் பார்க்கவே இல்லை.

பிறகு டீச்சரின் பெயரைக் கூப்பிட்டார்கள். கடைக்காரம்மா எழுந்து, அவருக்குப் பதில் இவர் என்றாள்.

மைக்குக்கு முன்னால் போய் நின்றபோது டேப்புவின் கையிலிருந்த தாள் படபடவென்று அடித்தது. அந்தச் சத்தமே கூடம் முழுக்கக் கேட்டது. தாளை மைக்குக்குக் கீழே இருந்த சின்ன மேசையில் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு படித்தாள். நிறுத்தாமல், நிமிராமல், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள்போலப் படித்தாள். மூன்று நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. எந்த வரியும் யார் காதிலும் சரியாக விழுந்திருக்காது என்று அவளுக்கே தெரிந்தது. திரும்பி நடக்கப் பார்த்தாள்.

"இருங்க," என்றார் மேசையின் ஓரத்தில் இருந்த உறுப்பினர். "வீடுன்னா குடும்பத்துக்குத்தானே? பெண்கள் பேர்ல தனியா எதுக்கு?"

"எங்க குடும்பத்துல ஆம்பளை இல்லைங்க." குரல் எங்கிருந்தோ வந்தது. "வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட ஆம்பளையைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. தெரிஞ்சவர் ஒருத்தரைக் கெஞ்சிக் கூட்டிட்டுப் போனேன். அவர் இப்ப எங்க இருக்கார்னே எனக்குத் தெரியாது. ஒப்பந்தம் அவர் பேர்ல இருக்கு. பத்து வருஷமா வாடகை குடுக்கறது நான். நாளைக்கு வெளிய போன்னு சொன்னா, கேக்கறதுக்கு என் பேர் எந்தத் தாள்லயும் இல்ல."

தலைவர் பேனாவை எடுத்தார். உறுப்பினர் விடவில்லை.

"கூலி விஷயம். இப்பத்தான் சங்கத்துக்காரர் வேலையே வேற வேறன்னு சொன்னார். அதே வேலைக்கு ஒரு ஆண் உங்களைவிட அதிகம் வாங்கறார்னு ஆதாரம் இருக்கா?"

இருந்தது. பைக்குள் விரலில் தட்டுப்பட்டது. டேப்பு இரண்டு சீட்டையும் எடுத்து மேசையில் பிரித்தாள். தன்னுடையதை நகர்த்தி வைத்தாள். மற்றதை நீட்டப் போன கை பாதியில் நின்றது. ஏணி தன் பெயரைப் பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்திருந்தான். ஆனால் அதற்கு நேர் கீழே பணியாளர் எண் பளிச்சென்று இருந்தது. ஆறு இலக்கம். இத்தனை நாளில் அவளும் கவனிக்கவில்லை, அவனும் கவனிக்கவில்லை. முதல் வரிசையில் சூப்பர்வைசர் முன்னால் குனிந்து எட்டிப் பார்த்தார்.

ஏணி சொன்ன "புள்ளைங்க" என்கிற வார்த்தை மட்டும் காதில் கேட்டது. அந்தத் தாளை மடித்துக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"என்கிட்ட இருக்கறது என் சீட்டு மட்டும்தாங்க."

"அப்போ எதை வெச்சு நாங்க நம்பறது?"

யாரோ சிரித்ததுபோல இருந்தது. டேப்பு மைக்கின் கம்பியைப் பிடித்தாள்.

"சம்பளப் பதிவேடு அவங்க ஆபீஸ்ல இருக்குங்க," என்றாள். "ஆம்பளைங்களுக்கு எவ்வளவு, எங்களுக்கு எவ்வளவுன்னு எல்லாம் அதுல எழுதியிருக்கு. அதைக் கொண்டான்னு கேக்கற அதிகாரம் எனக்கு இல்ல. கேட்டா என் வேலை போயிடும். உங்களுக்கு இருக்கு. ஆனா போய்ப் பார்க்க ஆள் இல்லைன்னு சொல்றீங்களாம். அந்த ஆளுங்களுக்குச் சம்பளம் பட்ஜெட்ல போடுங்கன்னு கேக்கத்தான் வந்தோம். ஆதாரத்தை நானே திருடிட்டு வந்து குடுத்தாத்தான் நம்புவீங்கன்னா, அப்புறம் அரசாங்கம் எதுக்குங்க?"

சொல்லி முடித்ததும்தான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. தலைவர் பக்கத்தில் இருந்த அதிகாரியிடம், "பதிவு பண்ணிக்கங்க. ஆய்வாளர் பணியிடம் எத்தனை காலியா இருக்குன்னு எனக்கு இன்னைக்கே வேணும்," என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, ஏணியின் சீட்டைப் பொடிப்பொடியாகக் கிழித்துத் தண்ணீரில் விட்டாள். போதாது என்று தோன்றி இன்னொரு தரமும் தண்ணீர் விட்டாள்.

மறுநாள் மெமோ வந்தது. அனுமதியில்லாமல் வராததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். டேப்புவை மேசையிலிருந்து எடுத்து, ஊசிமருந்து வைக்கும் குளிர் அறைக்கு மாற்றினார்கள். விரல் மரத்துப்போகும் வேலை. வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுப்பார்களா மாட்டார்களா என்பதே தண்டனையாக இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒலிபெருக்கியில் யார் பெயரைக் கூப்பிட்டாலும் அவளுக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்து அடங்கும். வாடகையும் சாவி சொன்னபடி ஏறியது. முழுசாகவே ஏறியது. கடைக்காரம்மா தந்த பொத்தான் தைக்கிற வேலையை இரவில் இருவரும் செய்து எப்படியோ கட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பட்ஜெட் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் தங்கச்சியின் போனைச் சுற்றிப் பெண்கள் குந்தினார்கள். அமைச்சர் சாலை, துறைமுகம், வரி என்று படித்துக்கொண்டே போனார். மணி அடித்துவிட்டது, அவர்கள் விஷயம் வரவில்லை. எழுந்து போனார்கள். சாயங்காலம்தான் டீச்சர் போன் செய்தாள். அச்சடித்த புத்தகத்தை உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறாள்.

"நூத்திப் பதினேழாம் பக்கத்துல இருக்கு, டேப்பு. நானூறு வீடு. பெண்கள் பேர்லயே ஒப்பந்தம்."

"இரண்டாயிரம் கேட்டோமே?"

"நானூறுதான். அப்புறம் இருபத்தாறு ஆய்வாளர்."

டேப்புவுக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. "இருபத்தாறு பேர் நம்ம கிடங்குக்கு எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.

வருவதற்கு மேலும் நாலு மாதம் பிடித்தது. ஒரு பெண்ணும் ஒரு ஆணுமாக இரண்டு பேர் வந்து, பதிவேடுகளை வரவழைத்து, மேசைகளைச் சுற்றி வந்து பார்த்தார்கள். பிறகு தொழிலாளர்களை ஒருவர் ஒருவராக அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். டேப்புவைக் கூப்பிடவில்லை, மனு கொடுத்தவள் என்பதால் வேறு ஆளிடம் கேட்க வேண்டுமாம். தங்கச்சியின் பெயரைத்தான் கூப்பிட்டார்கள்.

குளிர் அறைக் கதவின் கண்ணாடி வழியாக டேப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி உள்ளே போனாள். அறை வாசலில் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பத்து நிமிடம். இருபது நிமிடம். தங்கச்சி என்ன சொல்வாள் என்று அவளால் ஊகிக்க முடியவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது சார் என்று சொன்னாலும் அவளைக் குறை சொல்லக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தங்கச்சி வெளியே வந்தாள். நேராகக் குழாயடிக்குப் போனாள். குனிந்து வாந்தி எடுத்தாள். டேப்பு ஓடிப்போய் முதுகைத் தடவினாள்.

"என்னடி கேட்டாங்க?"

"பெட்டியைத் தூக்கறது யாருன்னு கேட்டாங்க." முகத்தைக் கழுவினாள். "நாங்களும்தான் தூக்கறோம்னு சொன்னேன். நம்ப முடியலைன்னாங்க. அங்க ஒரு பெட்டி இருந்துச்சு. தூக்கிக் காட்டினேன். தூக்கிட்டு எங்க வைக்கறதுன்னு தெரியாம, அந்தம்மா மேசை மேலயே வெச்சிட்டேன். அவங்க காபி கொட்டிடுச்சுக்கா."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கத் தங்கச்சிக்கு அழுகை வந்துவிட்டது. "இப்ப என்ன ஆகும்?" என்றாள். தெரியாது என்றாள் டேப்பு. உண்மையாகவே தெரியவில்லை.

ஆய்வு நடந்த மூன்றாம் மாதச் சம்பளத்திலிருந்து பெண்களுக்கும் ஆண்களின் கூலியே வந்தது. பழைய பாக்கி எதுவும் வரவில்லை. ஏணி ஒருநாள் அவளைத் தாண்டிப் போகும்போது நிற்காமலே, "நல்லது அக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அந்த மாதமே சாவி வந்து அறையைக் காலி செய்யச் சொன்னார். பேருந்து நிலையத்துக்குப் போகவேண்டி வரவில்லை. கூடுதல் கூலியில் ஊரின் விளிம்பில், இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரத்தில், இதைவிடச் சின்னதாக ஓர் அறை கிடைத்தது. நானூறு வீட்டுக்கு ஆறாயிரம் பேர் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். அவர்களும் போட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் அந்த வீடுகள் வரப்போகும் மனையைப் பார்க்கப் போனார்கள். முள்கம்பி வேலி. உள்ளே ஒரு மண்வெட்டும் இயந்திரம், வரிசையாகத் தோண்டிய பள்ளங்கள், சிமெண்ட் மூட்டைகள்மேல் ஒரு தார்ப்பாய். பாப்பா கம்பிக்கு நடுவில் முகத்தை வைத்து, "நம்மது எதும்மா?" என்றாள்.

"லிஸ்ட் வரணும்டி. நம்ம பேர் இருக்கோ இல்லையோ."

"யாரு அங்க?" என்று உள்ளேயிருந்து ஒரு காவலாளி கத்திக்கொண்டே வந்தார். டேப்புவின் கால் தானாகவே ஒரு அடி பின்னால் போனது. தங்கச்சி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விண்ணப்பம் போட்டவங்க," என்றாள் தங்கச்சி. "வேலை நடக்குதான்னு பார்க்க வந்தோம்."

காவலாளி மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"பள்ளம் ஆழமா இருக்கு. ஓரமா நின்னு பாருங்க," என்றார்.